மலைக்காரியின் மூன்று மாடி

பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கதிரையில் உட்கார்ந்து பேச வராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த வியாதி என்னை விடவில்லை. இதை எழுதும்போதும் பாதி நேரம் சமையலறைக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

பிசியோதெரபி படித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் இங்கே ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர்கள், மீதிப் பேர் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். எந்த மூட்டை எவ்வளவு மடக்க வேண்டும், எந்தத் தசைக்கு என்ன பயிற்சி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் கேட்காதீர்கள். நம் தொழிலில் நோயாளியின் பெயர் அறைக் கதவைத் தாண்டக் கூடாது. எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் அவரை மலைக்காரி என்றுதான் சொல்வோம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக்காரி. எழுபதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து எங்களிடம் வந்தார். எப்படி முறிந்தது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாழ்நாள் முழுக்கச் செங்குத்துப் பாறைகளில் தொங்கியவர், பேக்கரி வாசலில் ஈரத்தில் வழுக்கி விழுந்திருந்தார். கையில் இருந்த பாண் ரொட்டிகூட நசுங்கவில்லையாம். யாராவது அந்தக் கதையை எடுத்தால் பொல்லாத கோபம் வரும்.

முதல் நாள் கையைப் பிடித்து எழுப்பப் போனேன். விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரிப் புடைத்திருந்தன. அவர் பேசியது ஜெர்மனும் ஆங்கிலமும். ஆனால் அவர் குரல் என் தலைக்குள் என் தமிழில்தான் கேட்கிறது, அப்படியே சொல்கிறேன்.

"உங்கட விரலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லை. கல்லுப் பிடிச்ச விரல். நீர் இடுப்பைப் பாரும்."

இடுப்பைப் பார்த்தேன். பார்க்க விட்டால்தானே! பத்து நிமிடம் சும்மா படுக்கச் சொன்னால் கட்டில் விளிம்பில் எழுந்து உட்காருவார். சாப்பாட்டு நேரத்தில் தட்டை விட்டுவிட்டு, நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போய் வருவார். தாதிகள் என்னிடம் முறையிடுவார்கள். நான் என்ன செய்வது? எனக்கும் அதே வியாதி. நான் அவர் பக்கத்தில் நடந்தேன், அவர் கதை சொன்னார்.

வட இங்கிலாந்தில் ஒரு நெசவாலை ஊர். அப்பாவும் அம்மாவும் ஆலையில். ஊருக்கு மேலே மேட்டு நிலத்தின் விளிம்பில் கறுத்த பாறைகள், தொட்டால் அரத்தைப் போல உரசும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் அங்கே கயிறோடு போவார்கள். பெண்களும் போகலாம், ஆனால் கயிற்றின் கீழ் முனையில்தான். முன்னால் ஒருவன் ஏறி மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வான், பின்னால் ஏறுகிற பெண் விழுந்தாலும் கயிறு தாங்கும். முன்னால் ஏறுகிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவன் விழுந்தால் விழுந்ததுதான். ரயில் பாதையோரம் பொறுக்கிய இரும்பு நட்டுகளைக் கயிற்றில் கோத்து, பாறை வெடிப்பில் செருகிக்கொண்டு போவார்களாம். வெடிப்பு இல்லாத இடத்தில் அதுவும் இல்லை.

ஒரு நாள் முன்னால் ஏறியவன் பாதியில் திரும்பி வந்துவிட்டான். இந்தச் சுவர் மனிதன் ஏறுகிற சுவர் இல்லை என்று சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைத்தான். மலைக்காரி அவன் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பயமா இருக்கேல்லையோ?"

"ஏன் இல்லை? நடுவில கால் தையல் மெஷின் மாதிரி அடிக்கத் தொடங்கிட்டுது. எங்கட ஆக்கள் அதை அப்பிடித்தான் சொல்லுவினம். கீழ இறங்க ஏலாது, செருக ஒரு வெடிப்பும் இல்லை. அப்பதான் விளங்கிச்சுது, பிள்ளை. நிண்டால்தான் விழுவம். அசைஞ்சுகொண்டே இருக்கவேணும்."

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அவர் முதலில் ஏறிய வழிகள் ஏராளம். ஏறுகிறவர்களின் பத்திரிகையில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டார்கள். ஆண் என்று நினைத்து ஒரு பெரிய சங்கம் உறுப்பினராகச் சேர அழைத்ததாம். "நேர போய் வாசல்ல நிண்டன். கதவைச் சாத்திப்போட்டினம்!" என்று சொல்லி நடுப்பாதையில் நின்று சிரிப்பார், நடை வண்டி குலுங்கும். பிறகு இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு பெண்கள் மட்டும் ஒரே கயிற்றில், மாறி மாறி முன்னால் ஏறினார்கள். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அது அபூர்வமான சங்கதி.

இங்கே எர்லாங்கன் நகருக்கு அப்பால் சுண்ணாம்புப் பாறைகளும் செர்ரித் தோட்டங்களுமாக ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பாறைக்காகத்தான் அங்கே வந்தார். வயிற்றுப்பாட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தார், மணித்தியாலக் கணக்கில் கூலி. இங்கே பாறையில் துளை போட்டு இரும்பு வளையம் வைப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனாராம். "கல்லுக்கு ஓட்டை போட்டால் பேந்து அது ஏணி" என்று சண்டை பிடித்துவிட்டு, ஒரு வளையமும் இல்லாமல் சில வழிகளை ஏறிக் காட்டினார். அவற்றில் ஒன்றிரண்டை இன்றைக்கும் இளைஞர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். இதை அவர் சொல்லவில்லை. எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒரு இளம் மருத்துவர், தானும் ஏறுகிறவர், கதவருகில் நின்று கையைப் பிசைந்தபடி என்னிடம் கேட்டார், "நான் உள்ளே போய் அவருக்கு வணக்கம் சொல்லலாமா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பயிற்சிப் படிகளில் ஏற்றிய முதல் நாள் கொஞ்சம் தடுமாறினார். என் கை தானாகப் போய் முழங்கையைத் தாங்கிவிட்டது, உங்கள் கையும் போகும். அவர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே போய் நின்றார்.

"ஏன் இறங்கினீங்கள்?"

"உம்மட கை பட்டுது. இனி அது நான் ஏறினது இல்லை."

"ஐயோ, இது பாறையே? இது ஆஸ்பத்திரி!"

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ஆர் பாத்தாலும் பாக்காட்டிலும், கை பட்டால் பட்டது எண்டு நான் சொல்லுவன். ஏறாததை ஏறினன் எண்டு ஒருக்காலும் சொன்னதில்லை."

விசர்க் கிழவி என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அதன் பிறகு என் கை அவரைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கூடவே போகப் பழகிக்கொண்டது.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். வீடு அந்தப் பள்ளத்தாக்கில், பழைய மரச்சட்ட வீட்டின் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படிகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பாறை. பிள்ளைகள் இல்லை. இங்கிலாந்தில் இருந்த மருமகள், அதாவது தங்கையின் மகள், நல்லவள்தான், தொலைபேசியில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: வீட்டில் தினமும் உதவிக்கு ஆள் ஏற்பாடானால் இருக்கட்டும், இல்லாவிட்டால் தன் ஊரில் தரைத் தளத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாள், வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் காப்புறுதி நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பரிசோதகர் வீட்டுக்கு வந்து, இவரால் எது ஏலும், எது ஏலாது என்று பார்த்து, பிளேகெகிராட் என்கிற பராமரிப்புத் தரத்தைத் தீர்மானிக்க வேண்டும். நீங்களும் இந்த டெர்மின், அதாவது பரிசோதகர் வரக் குறித்த, நாட்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள். அன்றைக்கு எல்லா வயதானவர்களும் நல்ல உடுப்பைப் போட்டு, கேக் வைத்து, தங்களால் எல்லாம் முடியும் என்று காட்டுவார்கள். வந்தவருக்கு முன்னால் இயலாமையைக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? பரிசோதகர் போன பிறகு கட்டிலில் விழுவார்கள். உதவியும் கிடைக்காது.

சாதாரண மனிதருக்கே இப்படியென்றால், வாழ்நாள் முழுக்க, குறித்த நாளில் ஏறிக் காட்டியே வாழ்ந்தவரை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பினோம். நான் வாரத்துக்கு இரண்டு தடவை பயிற்சிக்குப் போனேன். வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து, முடிவு வரும்வரை தற்காலிகமாக, ஜீவன் என்ற தம்பி கிழமைக்கு ஒரு நாள் வந்து போனான். நம்முடைய பெடியன், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பான் நகரில் பிறந்தவன். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். நல்ல நாளில் மலைக்காரி மூன்று மாடியும் ஏறுவார். அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது.

"அக்கா, அவவைக் கொஞ்சம் ஏலாத மாதிரி இருக்கச் சொல்லுங்கோ. அரை மணித்தியாலம்தானே. நீங்கள் சொன்னால் கேப்பா" என்றான் ஜீவன்.

"நான் சொல்லியோ? தலைகீழாக நிண்டாலும் கேக்கமாட்டா."

ஆனாலும் சொன்னேன். தேநீர் குடிக்கும்போது ஒரு தடவை, பயிற்சி நடுவில் ஒரு தடவை, கடைசியாகக் கோபத்தோடு ஒரு தடவை. நடிக்கச் சொல்லவில்லை, கெட்ட நாள் எப்படியிருக்கும் என்று சொன்னால் போதும் என்றேன்.

"கெட்ட நாளைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. ஒருக்கா ஏறினால் போதும், பேந்து அந்த வழி என்ரதுதான். இன்னும் ஒண்டு, நீரும் அண்டைக்கு வாரும். வந்து நான் ஏறுறதைப் பாரும்."

அந்த நாள் வரும்வரை நான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கறிச்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடப்பேன். மலைக்காரி கேட்டது, "நடிக்கச் சொல்லாதே, வந்து நான் ஏறுவதைப் பார்" என்பதுதான். போனால் அவர் உதவியை இழப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், போகாவிட்டால் அவரைக் கைவிட்டதாகும்.

பரிசோதகர் நடுத்தர வயதுப் பெண், அன்பானவர், அவசரப்படாதவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்டதெல்லாம் சரியான கேள்விகள்தான். கதிரையிலிருந்து எழும்ப முடியுமா? மலைக்காரி கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போக முடியுமா? கொண்டு போனார், கூடவே ஒரு புன்னகை. படி?

"வாங்கோ, காட்டுறன்."

ஜீவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மலைக்காரி கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடியும் இறங்கி, வாசலைத் தொட்டுவிட்டு, திரும்பி ஏறினார். பரிசோதகர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். நான் எல்லோருக்கும் கடைசியில், கை தயாராக, தொடாமல். பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், அது அவ்வளவு அழகாக இருந்தது. காலை வைக்கிற இடத்தை முதலில் பார்வையால் தொட்டுவிட்டு, பிறகு காலை வைப்பார். ஒரு அசைவுகூட வீண் இல்லை. அந்த நேரத்தில் எனக்குக் காப்புறுதியும் மறந்துவிட்டது, மருமகளும் மறந்துவிட்டாள்.

மேலே வந்து கதிரையில் இருந்தார். கன்னம் சிவந்திருந்தது. பரிசோதகர் சிரித்தார்.

"என் அம்மா இப்படி இருந்தால் நான் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவேன்" என்பது போல ஏதோ சொல்லி, மடிக்கணினியை மூடினார்.

அப்போது மேசைக்கு அடியில் ஒரு சத்தம். செருப்பின் குதி தரையில் தட தடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மலைக்காரி கையால் தொடையை அழுத்திப் பிடித்திருந்தார். பரிசோதகர் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். கதவு வரை போகும் நேரம்தான் உங்களிடம் இருக்கிறது. அவர் நடிக்கிறார் என்று சொல்ல முடியாது, ஏறியது உண்மை. அவரால் ஏலாது என்று சொல்ல முடியாது, எல்லோரும் பார்த்தார்கள். நோயாளியின் சங்கதியை அவர் அனுமதி இல்லாமல் நான் வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சும்மா இருந்தால் அடுத்த மாதம் மருமகள் வந்து பெட்டியைக் கட்டுவாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவரால் பொய் சொல்ல முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் பரிசோதகரிடம் பேசவில்லை. மலைக்காரியைப் பார்த்துக் கேட்டேன்.

"நாளைக்கும் ஏறுவீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எதிர்பாராத இடத்தில் பிடி கழன்றவர் மாதிரிப் பார்த்தார். பரிசோதகரின் கை பைக்குள்ளேயே நின்றது.

"இல்லை" என்றார்.

"நாளண்டைக்கு?"

"கட்டிலில கிடப்பன்."

"காலுறை ஆர் போட்டுவிட்டது?"

"இண்டைக்கு ஆரும் போடேல்லை. ஜீவன் போன முறை போட்டது. அதோடதான் படுக்கிறன். கீழ குனிய ஏலாது."

ஒவ்வொரு பதிலையும் என்னிடம்தான் சொன்னார். பரிசோதகர் கணினியைத் திறந்து மெல்ல மறுபடியும் உட்கார்ந்தார். நான் அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது, குளிக்கிற விஷயத்தையும் கேட்டேன்.

தொடையை அழுத்தியிருந்த கையை எடுத்தார்.

"போன கிழமை குளிக்கேக்க விழுந்தன். தொட்டிக்குள்ளயே கிடந்தன். வெளிச்சம் போய் இருட்டின பிறகுதான் விளிம்பைப் பிடிச்சு ஏறி வந்தன்."

"ஐயோ, ஏன் சொல்லேல்லை?" என்று ஜீவன் கத்திவிட்டான்.

"ஆரும் கேக்கேல்லையே" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிழமைக்கு இரண்டு தடவை போனவள் நான். இடுப்பைக் கேட்டேன், தொடையைக் கேட்டேன், வலியைக் கேட்டேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. ஜீவன் தொலைபேசியில் குதித்தான். "அக்கா, கிடைச்சிட்டுது! ஒவ்வொரு நாளும் காலமை போறன். அவ இஞ்சயே இருக்கலாம்!" மருமகளும் சம்மதித்துவிட்டாள். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

அடுத்த நாள் மலைக்காரி எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, இனிமேல் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நன்றி கெட்ட கிழவி என்று பஸ்ஸில் வாய்விட்டே சொன்னேன். தமிழில் சொன்னதால் தப்பித்தேன். வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு இதுவா மரியாதை? பரிசோதகரின் முன்னால் மானம் போய்விட்டது என்ற கோபமாக்கும், நாலு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. கடைசியில் ஜீவனைத்தான் கேட்கச் சொன்னேன்.

அவன் வந்து சொல்லத் தயங்கினான்.

"சொல்லடா."

"அவவுக்கு மற்றவைக்கு முன்னால சொன்னது பிரச்சினை இல்லையாம் அக்கா. விழுந்ததைச் சொல்லுறது வெக்கம் இல்லையாம். ஆனா..."

"என்ன ஆனா?"

"'நான் பொய் சொல்லமாட்டன் எண்டு தெரிஞ்சுதானே கேட்டவ. அதைப் பிடிச்சுத்தானே என்னை இழுத்தவ' எண்டு சொல்லுறா."

மனிதர்களின் பலவீனத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று நமக்குப் படிப்பித்தார்கள். பலத்தைப் பிடித்து இழுக்கலாமா என்று யாரும் சொல்லித் தரவில்லை.

போன முறை இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், முன்னாடியே அவங்ககிட்ட, அன்னைக்கு இப்படிக் கேட்பேன்னு சொல்லி பர்மிஷன் வாங்கியிருக்கலாம்ல? அதுதானே கரெக்ட் அப்ரோச்?" கெட்டிக்காரி. சரியான கேள்வி. வாங்கப் போயிருந்தால் மலைக்காரி தந்திருக்கமாட்டார். அன்றைக்கு என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார். தொட்டிக்குள் விழுந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது இங்கிலாந்தில் ஒரு தரைத் தளத்தில், பாறை தெரியாத ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பார், என்னோடு கோபமில்லாமல்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி ஏறிக் காட்டினால் கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், நாளைக்கு என்னவென்று கேளுங்கள். கதவு மூடுகிற நேரமானாலும் கேளுங்கள். என்னைத் திரும்ப அந்த அறையில் நிறுத்தினால் நானும் அதையேதான் கேட்பேன். ஆனால் கேட்டுவிட்டு நன்றிக்காக வாசலில் நிற்காதீர்கள்.

மலைக்காரி இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஜீவன் காலையில் போய்க் காலுறை போட்டு, குளிக்க வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வருகிறான். நான் அந்தப் படிகளில் பிறகு ஏறவேயில்லை.